முடிக்காமல் விட்ட புத்தகம்

யுத்த காலம் அது. திருகோணமலையில் ஓர் அலுவலகத்தில் எனக்கு முதல் வேலை கிடைத்து, பாலையூற்றில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். சொந்த ஊர் ஈச்சிலம்பற்று. அந்த வீட்டில் இருந்தவர் வீட்டுக்கார அம்மா மட்டும்தான், அன்ரி என்று கூப்பிடுவேன். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன், என் வயதுதான். விரும்பிய பெண்ணைக் கட்டப்போவதாகச் சொல்லித் தாயோடு சண்டை பிடித்துக்கொண்டு கொழும்புக்குப் போனவன், இரண்டு வருடமாகக் கடிதம்கூட இல்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அன்ரியிடம் கேட்டால், வந்துவிடுவார் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார்.

அப்போதெல்லாம் வீட்டில் இருப்பவர்களின் பெயர்ப்பட்டியலை இராணுவ முகாமில் பதிந்து, ஒரு பிரதியை வீட்டில் வைத்திருக்க வேண்டும். வாடகைக்கு வருபவனும் போய்ப் பதிய வேண்டும். அதற்கு அரை நாள் வெயிலில் நிற்க வேண்டும் என்பதால் நாளைக்கு, நாளையின்றைக்கு என்று தள்ளிப்போட்டேன். அன்ரியும் தேவையில்லை என்றார். அந்தச் சோம்பலின் பலனைப் பிறகு நன்றாகவே அனுபவித்தேன்.

ஒரு நாள் காலையில் சுற்றிவளைப்பு. சிப்பாய் பட்டியலைப் பார்த்து மகனின் பெயரை வாசித்தான். அன்ரி கொஞ்சமும் தடுமாறாமல் என்னைக் கையால் காட்டினார். நான் வாய் திறக்கவில்லை. பதியாமல் தங்கியிருப்பது தெரிந்தால் என்னை ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள். இரண்டு பெயர், இரண்டு ஆள், சரியென்று அடையாள அட்டைகூடக் கேட்காமல் அவன் போய்விட்டான். நான் அன்ரிக்கு நன்றிகூடச் சொன்னேன்.

அன்றிலிருந்து "தம்பி" போய் "மகன்" வந்தது. என் கட்டிலில் மகனின் சேர்ட்டுகள் தோய்த்து, பெட்டியால் மினுக்கி மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவை எனக்கு அளவாகவும் இருந்தன, அதுதான் பயமாக இருந்தது. பின்னேரம் நான் ஐந்து நிமிடம் பிந்தினாலும் அன்ரி கேற்றடியில் நிற்பார். அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணைப் பற்றி ஒருமுறை பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அன்று சாப்பாடு போட்டவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மகனின் புத்தகம் ஒன்றை வாசிக்கத் தந்திருந்தார். மண்ணிறத் தாளில் உறை போட்ட பழைய நாவல், மொழிபெயர்ப்பு. எழுதினவர் தன் சொந்த வீட்டுக் கதையையே எழுதியிருந்தார். அதில் வரும் தாய் மகனை எவளுக்கும் விட்டுக்கொடுக்கமாட்டாள். நான் முக்கால்வாசி வாசித்திருந்தபோது அன்ரி வந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

"முடிவு சரியில்லை, மகன். அந்தத் தாயில என்ன பிழை?" என்று மட்டும் கேட்டார்.

நான் மூதூருக்கு மாற்றம் கேட்டு வாங்கினேன். போகிற நாள், கடலைக் கடக்கும் மத்தியான லோஞ்சைப் பிடிக்க வெளிக்கிட்டால், சேர்ட் பையில் இருந்த அடையாள அட்டையைக் காணவில்லை. அது இல்லாமல் இறங்குதுறைச் சோதனைச்சாவடியைத் தாண்ட முடியாது. தெருவில் பிடிபட்டால் ஆளே திரும்பி வராத காலம். அறை முழுவதும் கிண்டினேன். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அன்ரி, திரும்பாமலே, "காணாட்டி இங்கயே நில்லுங்கோவன்" என்றார்.

அந்தக் குரலில் எனக்கு எல்லாம் விளங்கியது. மரியாதையை விட்டுவிட்டு அவருடைய அலுமாரியைத் திறந்தேன். மேல்தட்டில் அந்தப் புத்தகம் இருந்தது. முன்பக்க உறைக்குள் என் அட்டை. பின்பக்க உறைக்குள் இன்னொன்று, அதில் அவர் மகனின் பெயரும் முகமும். இரண்டு கிழமையாக நான் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தபோதெல்லாம் அது அங்கேதான் இருந்திருக்கிறது. விரலில் தட்டுப்பட்டதை வெறும் மட்டை என்று நினைத்திருந்தேன்.

இரண்டையும் கொண்டுபோய்க் காட்டினேன். அன்ரி அவசரமில்லாமல் ஆறுதலாகக் கைகழுவிவிட்டு, மகனின் அட்டையை மட்டும் வாங்கினார்.

"ஐசி இல்லாமல் எங்க போகப்போறார் எண்டுதான் ஒளிச்சு வைச்சனான்," என்றார். "அவர் அது இல்லாமலே போயிட்டார்."

கொழும்புப் பாதையில் எத்தனை சோதனைச்சாவடி இருந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

பையைத் தூக்கிக்கொண்டு கேற்றைத் தாண்டினேன். பின்னால் அவர் மகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

இப்போது என் மகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறாள். பத்திரமாக இருக்கட்டும் என்று அவளுடைய கடவுச்சீட்டை வாங்கி என் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை, திறந்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். பிள்ளையை என்னோடு வைத்திருக்க ஆசை வரும்போதெல்லாம், மகனின் அட்டையை வாங்க நீண்ட அன்ரியின் அந்த ஈரக் கை என் கண்ணில் வந்து நிற்கிறது.