மாமனார் வீட்டுக் கிணற்றுக்குப் பாய் கட்டிப் போனோம்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு நாற்பத்தொன்பது வயது. பிறந்தது, வளர்ந்தது, குடித்தனம் நடத்துவது எல்லாம் ராயபுரம். கட்டிலை விட்டு இறங்கி நடந்தால் ஏழாவது நிமிடம் கடல். பாரிமுனையில், கப்பல் சரக்குக்குக் காகிதம் தயார் செய்யும் ஆபீசில் இருபத்தாறு வருஷ உத்தியோகம். எனக்கு நீச்சல் தெரியாது.

தெரியாததில் வெட்கமில்லை, ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்லிப் பெண் கட்டியதுதான் வெட்கம். என் மனைவி ஸ்டெல்லா படகுக்காரர் வீட்டுப் பெண். பெண் பார்க்கப் போன அன்று மாமனார் என் சம்பளத்தைக் கேட்கவில்லை, குடிப்பேனா என்று கேட்கவில்லை. நீச்சல் தெரியுமா என்று ஒரே கேள்விதான். அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு வேறு என்ன சொல்ல முடியும்? "மீன் மாதிரி" என்றேன். மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போனார். ரொம்ப நேரம் கழித்து வந்து, சரி என்றார்.

அந்த மீனை இருபத்தொரு வருஷமாகக் காப்பாற்றி வருகிறேன். மெரினா போனால் எனக்குக் காதில் சீழ். மகாபலிபுரம் போனால் கையில் புது வாட்ச். வேளாங்கண்ணியில் ஒருமுறை, இப்போதுதான் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு, அதை நிரூபிக்க இன்னொரு தடவை பரோட்டா சாப்பிட வேண்டி வந்தது.

வம்பு அந்தமானிலிருந்து ஆரம்பித்தது. ஆபீஸ் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு அங்கே போய்விட்டு வந்து நூற்றுப்பத்துப் படம் அனுப்பினார். பாய்மரப் படகு, முகத்தில் கண்ணாடி மூடி, வாயில் மூச்சுக் குழாய், சுற்றிலும் கலர் கலராய் மீன். ஸ்நார்க்கலிங்காம். கல்லூரி முதல் வருஷம் படிக்கும் என் மகள் ஷைனி நூற்றுப்பத்தையும் பார்த்துவிட்டு, நாம் எப்போது என்று கேட்டாள். விமானக் கட்டணத்தைப் பார்த்த வேகத்தில், "அதே வங்காள விரிகுடாதான் நம்ம தெரு முனையிலயும் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். பேச்சுக்குச் சொன்னது. பக்கத்தில் ஸ்டெல்லாவின் தம்பி லாரன்சு உட்கார்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை. காசிமேட்டில் சொந்த ஃபைபர் படகு வைத்திருப்பவன்.

"கரீட்டு மாமா," என்றான். "பாய் கட்டி இட்டுகினு போறேன். அக்காவோட கெணறு அங்கதான் கீது. காட்டிட்டு வந்துடலாம்."

இந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். ஸ்டெல்லா பிறந்த தெரு எர்ணாவூர்ப் பக்கம் கடலோரத்தில் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்லவேண்டும், ஏனென்றால் கடல் அதை வருஷத்துக்கு இரண்டு வீடு என்று தின்று முடித்துவிட்டது. இவர்கள் வீட்டின் கடைசிச் சுவர் விழுந்தபோது ஸ்டெல்லாவுக்குப் பதின்மூன்று வயது. குடும்பம் காசிமேட்டுக்கு வந்துவிட்டது. அவள் திரும்பிப் போகவே இல்லை. ஆனால் வாசலில் இருந்த உறைக் கிணறு அசையவில்லை. சுற்றியிருந்த மண் போனாலும் சிமெண்டு உறைகள் அப்படியே நின்றுவிட்டன. பிறகு அரிப்பைத் தடுக்க அரசாங்கம் கடலுக்குள் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு என்று வளைந்த கற்சுவர்கள் போட்டதும் அந்த இடத்தில் அலை அடங்கிவிட்டது. போன வருஷம் நண்டு வலை எடுக்கும்போது லாரன்சு அந்தக் கிணற்றைத் தண்ணீருக்கடியில் பார்த்திருக்கிறான்.

ஸ்டெல்லா கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தாள். பிறகு என்னிடம், "ஷைனிப்பா, நீயும் எறங்கணும். உனுக்குக் காட்டணும்" என்றாள்.

அவள் எதையும் வேண்டும் என்று கேட்கிற ஆள் இல்லை. பட்டுப் புடவையைக்கூட, கடைக்காரன் வற்புறுத்தினான் என்பது போலத்தான் வாங்குவாள். இதைக் கேட்டாள். இறங்காவிட்டால் அவள் முகம் வாடும், இறங்கினால் என் மானம் முழுகும். இரண்டிலிருந்தும் தப்பிக்க ஒரே வழி கற்றுக்கொள்வது. ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்தேன். என்னைச் சின்னப் பிள்ளைகள் வரிசையில் விட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு ஆறு வயதுச் சிறுமி, பாவம் என்று தன் மிதவையை எனக்கு இரவல் கொடுத்தாள். அன்றோடு நின்றுவிட்டேன். பிறகு பாத்ரூம் பக்கெட்டில் முகத்தை விட்டுக் குழாயில் மூச்சுவிடும் பயிற்சி. உள்ளே என்ன சத்தம் என்று ஷைனி கதவைத் தட்டினாள். சளி என்றேன்.

ஈஸ்டர் முடிந்த அடுத்த சனிக்கிழமை கிளம்பினோம். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் துறைமுகம் அமைதியாக இருக்கும், ஃபைபர் படகுக்குத் தடை கிடையாது, தண்ணீரும் அந்தச் சமயம்தான் ஓரளவு தெளிவாக இருக்கும். அதிகாலை ஐந்தே முக்காலுக்கு வீட்டு வாசலில் ஆட்டோ, காசிமேட்டுக்கு எண்பது ரூபாய். ஐஸ் வண்டிகளையும் இறால் கூடைகளையும் தாண்டிப் படகில் ஏறியபோது மணி ஆறு பத்து. மிதவைச் சட்டையை எனக்கு மட்டும் லாரன்சே கட்டிவிட்டான், இரண்டு முடிச்சு கூடுதலாகப் போட்டு.

துறைமுக வாய் தாண்டியதும் எஞ்சினை நிறுத்தி, மூங்கிலை நட்டுப் பாயை விரித்தான். அந்தமான் படத்தில் வெள்ளைப் பாய். எங்களுடையது ஃப்ளெக்ஸ். சர்ச்சில் ஷைனி முதல்முறை நற்கருணை வாங்கிய புது நன்மை விழாவுக்குப் பத்து வருஷம் முன்பு கோயில் வாசலில் கட்டிய பேனர். மேலே தேவதைகள், நடுவில் வெள்ளை கவுனில் ஷைனி, கீழே கோட்டுப் போட்டுக் கைகூப்பி வரவேற்கும் நான். தெற்குக் காற்று பிடித்ததும் என் கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு, வயிறு முன்னால் வந்து, ஏறக்குறைய நேரில் இருப்பது போலவே ஆகிவிட்டேன். எதிரே வலை இழுத்துக்கொண்டிருந்த படகிலிருந்து ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாடா லாரன்சு, எந்தக் கட்சி இது?"

"மாமா கட்சி, நைனா. வோட்டு கேக்கப் போய்கினு கீறோம்."

அதற்கப்புறம் சத்தம் எல்லாம் போய்விட்டது. பாயில் போகும்போது இப்படி ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எஞ்சின் இல்லை, டீசல் வாடை இல்லை, படகு போகிறதா கரை போகிறதா என்றே தெரியவில்லை. வெயில் இன்னும் சூடேறாத மஞ்சள். துறைமுகத்துக் கிரேன்கள், தண்ணி லாரிக்குக் குடத்தோடு நிற்பவர்கள் மாதிரி வரிசையாக நின்றன. வெளியே நங்கூரம் போட்டிருந்த கப்பல்களில் ஒன்றின் பெயரை நான் முந்தின நாள்தான் மூன்று பிரதியில் டைப் அடித்திருந்தேன். நேரில் அது ஒரு தெரு நீளம், துருப்பிடித்து, தூங்கிக்கொண்டிருந்தது. மேல்தளத்தில் யாரோ ஒருவர் பனியன் உலர்த்தினார். கையாட்டினேன். அவரும் ஆட்டினார்.

கரையில் பஸ் தாண்டிப் போவது தெரிந்தது, அதன் ஹாரன் சத்தம் பிறகு வந்து சேர்ந்தது. திருவொற்றியூர் கோபுரம், கண்டெய்னர் லாரிகளின் வால் தெரியாத வரிசை, வடக்கே எண்ணூர்ப் புகைபோக்கிகள் எல்லாம் தண்ணீரின் மேல் ஒரு விரற்கடை மிதப்பது போல இருந்தன. தினம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற ஊர். கடலிலிருந்து பார்த்தால், அங்கே யார் இருப்பார்களோ, எவ்வளவு கொடுத்து வைத்தவர்களோ என்று தோன்றுகிறது. ஸ்டெல்லா படகின் முனையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அவள் உட்கார்ந்தே நான் பார்த்ததில்லை. ஷைனி தண்ணீரில் கைவிட்டபடி தூங்கிப்போனாள்.

காசிமேட்டிலிருந்து சுமார் எட்டு கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். ஏழு ஐம்பத்தைந்துக்கு இரண்டு கல் வளைவுகளுக்கு நடுவே நுழைந்து, பாயை இறக்கி, நங்கூரம் போட்டான் லாரன்சு. கரையில் இருந்த ஒரு பனைமரத்தையும் மாதா சிலை வைத்த குருசடியையும் வைத்து இடத்தைக் கணக்குப் போட்டான். மாஸ்க் போடவேண்டும் என்றால் என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றவேண்டும். கழற்றி இட்லிப் பையில் வைத்தேன். மைனஸ் ஆறு பவர். அந்த நிமிடத்திலிருந்து கரை ஒரு பழுப்புக் கோடு, லாரன்சு ஒரு கறுப்புக் கோடு.

ஸ்டெல்லா சுடிதாரோடு, சத்தமே இல்லாமல் இறங்கினாள். ஷைனி போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு குதித்தாள். லாரன்சு இறங்கிப் படகைப் பிடித்துக்கொண்டான். நான் விளிம்பில் உட்கார்ந்து எவ்வளவு ஆழம் என்று கேட்டேன்.

"உனுக்கு வேண்டியது கீது. எறங்கு மாமா. கயிறு கீது, ஜாக்கெட்டு கீது, நான் கீறேன்."

காது சீழ் என்று சொல்ல வாயெடுத்தேன். வாயில் குழாய் இருந்தது. இறங்கிவிட்டேன்.

இரண்டு கையாலும் கயிறு, முழங்கால் இரண்டும் வயிற்றோடு ஒட்டி, கருவில் இருந்த கோலத்தில் கொஞ்ச நேரம் தொங்கினேன். பிறகு ஒரு கை வந்து என் கையைப் பிடித்தது. கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்தேன். திறந்தேன்.

பச்சை. கஞ்சிபோட்ட பருத்திச் சேலை வழியாக வெயிலைப் பார்ப்பது போன்ற பச்சை. என் மூச்சு மட்டும் யாரோ பக்கத்து அறையில் தூங்குவது மாதிரி கேட்டது. கீழே, எவ்வளவு கீழே என்று சொல்ல முடியாத ஆழத்தில், ஒரு பெரிய இருண்ட வட்டம். அதன் விளிம்பில் பாசி மெல்லத் தலையாட்டியது. வட்டத்துக்குள்ளிருந்து வெள்ளிக்காசுகளை யாரோ அள்ளி எறிவது போலக் காரப்பொடி மீன்கள் கிளம்பின, திரும்பின, மறுபடி உள்ளே போயின. ஸ்டெல்லாவின் விரல் ஒவ்வொன்றாகச் சுட்டிக்கொண்டே போனது. இது கிணறு. இது துவைக்கிற கல். அந்தச் சிவப்பு, வீட்டுத் தரை. நான் ஒரு தெருவுக்கு மேலே பறந்துகொண்டிருந்தேன், மாமனார் வீட்டுக்கு மேலே, அவர் மகள் கையைப் பிடித்துக்கொண்டு. பயம் எந்த நிமிடத்தில் போனது என்று தெரியவில்லை.

தலையை வெளியே எடுத்தபோது அவள் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. அந்தத் தூரத்தில் எனக்குத் தெளிவாகத் தெரியும். அழுதிருந்தாளா, கடல்தண்ணீரா என்று மட்டும் தெரியவில்லை. குழாயைத் துப்பிவிட்டு, எனக்கு நீச்சல் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும்," என்றாள்.

"இல்ல ஸ்டெல்லா, தெரியாது."

"அதான்யா, எனுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்." முகத்தை வழித்துக்கொண்டாள். "அப்பா இன்னாத்துக்குக் கேட்டாரு தெரியுமா? நீச்சல் தெரியாத மாப்ள வேணும்னுதான். தெரியாதவன் கடலுக்குப் போவ மாட்டான், பொண்ணு கரையில நின்னு காத்துகினு கெடக்க வேணாம்னு. நீ மீன் மாதிரின்ன. உள்ள வந்து, இவன் வேணாம்னுட்டாரு."

தண்ணீர் காதில் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"அம்மாதான், நல்ல பையனா கீறான், இன்னொரு வாட்டி போய் மூஞ்சப் பாருன்னுச்சு. கதவு சந்துல பாத்துட்டு வந்து சொன்னாரு. மீன் மாதிரின்னு சொல்றவன் எவனும் தண்ணியில எறங்குனவன் இல்ல, புளுகுறான், குடுத்துடலாம்னு."

கறுப்புக் கோடு அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு வருஷமும் நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நடித்ததை மொத்தக் காசிமேடும் டிக்கெட் இல்லாமல் பார்த்திருக்கிறது. கோபம் வரவேண்டும். வரவில்லை. இன்னொரு தடவை காட்டு என்றேன். முகத்தை மறுபடி தண்ணீரில் வைத்தோம்.

நாற்பது நிமிடம் இருந்தோம். ஒன்பது மணிக்குக் கிளம்பி, எஞ்சின் போட்டு முக்கால் மணியில் காசிமேடு. பாயில் தெற்கே திரும்ப முடியாது, காற்று எதிர்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். இது வாடகைக்குக் கிடைக்கும் பயணம் இல்லை, மீன்பிடிப் படகில் சுற்றுலா ஏற்ற அனுமதி கிடையாது. படகு வைத்திருக்கும் வீட்டில் பெண் எடுப்பதுதான் முறையான வழி. மாஸ்க், குழாய் மூன்று செட் இணையத்தில் இரண்டாயிரத்து நூறு, போன் உறை நூற்று நாற்பத்தொன்பது, டீசல் ஆறு லிட்டர். மிதவைச் சட்டை இல்லாமல் ஏறாதீர்கள். கல்லில் ஒட்டியிருக்கும் சிப்பி காலைக் கிழிக்கும், பழைய கேன்வாஸ் ஷூ போடுங்கள். மழைக்குப் பின்னாலும், எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கமும் வேண்டவே வேண்டாம். பவர் கண்ணாடி போடுபவர்கள் பவர் உள்ள மாஸ்க்காகப் பார்த்து வாங்குங்கள். பிறகு, உங்களிடம் ஏதாவது பழைய பொய் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள், அதைக் கரைக்க அங்கே தண்ணீர் நல்ல தண்ணீர்.

கடலுக்கு மேல் பறந்தவன் என்று நான் ஆபீசில் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று ஷைனி வீடியோவைப் பெரிய டிவியில் போட்டாள். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். நான் கயிற்றில் முழங்காலை மடக்கித் தொங்குகிறேன். பக்கத்தில் லாரன்சு ஒரு கையால் படகைப் பிடித்தபடி, இன்னொரு கையால் என் பங்கு இட்லியைத் தின்றுகொண்டு, தரையில் நிற்கிறான். தண்ணீர் அவன் மார்பு வரைக்கும் இருக்கிறது. அவன் என்னைவிட இரண்டு அங்குலம் குள்ளம்.