நாலு மீட்டர் கிழக்கே

மேப்பக்கா எங்கே என்று கேட்டால் நகராட்சி வாட்ச்மேன்கூட இரண்டாவது மாடியைக் கைகாட்டுவார். அறை வாசலில் ‘புவியியல் தகவல் அமைப்பு’ என்று பலகை உண்டு. அது யார் வாயிலும் நுழையாததால் எல்லோருக்கும் அது மேப் ரூம், அங்கே உட்காருபவள் மேப்பக்கா.

மண்ணுக்கடியில் ஓடும் தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய், மேலே நிற்கும் விளக்குக் கம்பம், வீடு என்று ஒவ்வொன்றையும் தனித்தனி அடுக்காகக் கணினியில் ஏற்றி, ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்துவது அவள் வேலை. எதைத் தொட்டாலும் அது எங்கே இருக்கிறது, எப்போது போட்டது, எவ்வளவு ஆழம் என்று ஜாதகமே சொல்லிவிடும். அவள் வீட்டுக்காரர் பள்ளம் தோண்டும் பொக்லைன் ஓட்டுபவர். “நீ திரையில கோடு போடு, நான் தரையில போடுறேன்” என்று கிண்டலடிப்பார்.

அன்று காலை ஒரு தெருவிளக்குப் புகார் வந்தது. கம்பத்தைத் தேடினால், திரையில் அது ஒரு வீட்டுக்குள் நின்றது. “சமையலுக்கு வெளிச்சம் வேணும்னு உள்ள கூப்பிட்டுட்டாங்க போல” என்று சிரித்தாள். பக்கத்துக் கம்பமும் வீட்டுக்குள். அதற்கடுத்ததும். எல்லாம் சொல்லிவைத்தாற்போல் நாலு மீட்டர் கிழக்கே தள்ளி. சிரிப்பு நின்றது.

பழைய சர்வேயின் அளவுக்கணக்கு வேறு, புது மேப்பின் கணக்கு வேறு. சேர்க்குமுன் ஒன்றை மற்றதற்கு மாற்றியாக வேண்டும். தண்ணீர்க் குழாய்க்கு மாற்றினாள். அதே சர்வேயில் வந்த கம்பத்தையும் எரிவாயுக் குழாயையும் மாற்றிவிட்டதாக நினைத்து அப்படியே ஏற்றிவிட்டாள். பழகின கை செய்கிற தப்பு. ‘எரிவாயுக் குழாய் கிழக்கு ஓரம், நடுவில் தோண்டலாம்’ என்று இந்தத் தெருவில் பள்ளம் தோண்டுகிறவர்களுக்கு நேற்று அனுப்பிய படம் பொய். குழாய் நடுவில்தான் போகிறது. அந்தத் தெருவில் இன்று பொக்லைன் ஓட்டுவது அவள் வீட்டுக்காரர்.

அவருக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? வண்டி ஓடும்போது போனைத் தொடக்கூடாது என்று சத்தியம் வாங்கியவளே அவள்தானே. அங்கே வேலையைப் பார்க்கும் சூப்பர்வைசர் போன் பிஸி.

அப்புறம்தான் உறைத்தது. தண்ணீர் இணைப்பு அடுக்கில் வீட்டுக்கு வீடு போன் நம்பர் இருக்கிறது! தோண்டும் இடத்துக்கு நேரே இருந்த வீட்டைத் திரையில் தொட்டு, வந்த நம்பருக்கு அடித்தாள். ஒரு தையல்காரம்மா எடுத்தார்.

“அம்மா, நகராட்சியிலருந்து பேசுறேன். உங்க வாசல்ல பொக்லைன் ஓடுதா?”

“காது கிழியுது. இப்பவாவது கேக்கணும்னு தோணிச்சே!”

“நிறுத்தச் சொல்லுங்கம்மா! கீழ கேஸ் லைன் போகுது. ஓடுங்க!”

போனைக் கட் பண்ணாமலே அந்தம்மா ஓடினார். இயந்திரத்தின் உறுமல் மட்டும் இவள் காதில். திடீரென்று அதுவும் அடங்கியது. நிறுத்தினார்களா, எதையாவது இடித்து நின்றதா?

“யாருங்க பேசுறது?” வீட்டுக்காரரின் குரல்.

“நான்தாங்க. குழாய் நடுவுல போகுது. நான்தான் தப்பாப் போட்டுட்டேன்.”

மண்வெட்டி மெல்லச் சுரண்டும் சத்தம் கேட்டது. “குழாய்க்கு மேல போடுற மஞ்சள் டேப் தெரியுது” என்றார். “பொக்லைன் பக்கெட்டுக்கும் அதுக்கும் ஒரு சாண்தான்.”

அவள் அழுதேவிட்டாள்.

“அழாத. அதான் பொழைச்சுக்கிட்டேன்ல.” என்றவர், சட்டென்று கேட்டார்: “இந்தப் படம் வேற யாருக்கெல்லாம் போச்சு?”

இன்னும் மூன்று தெருக்களுக்குப் போயிருக்கிறது. கண்ணைக்கூடத் துடைக்காமல் அடுத்த தெருவைத் திறந்து, முதல் வீட்டைத் தொட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டைத் தொட்டாள்.