நான் கேட்காத மன்னிப்பு

தொண்ணூறுகளின் நடுவில் நான் திருநெல்வேலியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர். அந்த வேலையில் இருப்பவன் அரசியல் எழுதக் கூடாது. நான் எழுதினேன். தபாலாபீஸில் விற்கும் இன்லண்டுத் தாள் ஒன்றின் உள்பக்கம் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான் என் இதழ். ரேஷன் கடைத் தராசு, கால்வாய்த் தண்ணீர் கடைமடைக்கு வராத கதை, ஓட்டுக் கேட்க நடந்துவந்தவர் ஜெயித்த பிறகு காரைவிட்டு இறங்காத கதை என்று மனத்தில் பட்டதையெல்லாம் எழுதுவேன். முந்நூறு பேருக்குப் போகும். என் பெயர் எங்கும் இருக்காது. அலுவலகத்தில் ஒரு ஆளுக்கும் அனுப்பியதில்லை.

அச்சடித்த தாள் ஒன்றுகூட என் கையால் தபாலுக்குப் போகக் கூடாது என்று நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு! அதனால் வேலையைத் தலைகீழாகச் செய்தேன். வெறும் இன்லண்டு வாங்கிவந்து முதலில் முந்நூறு முகவரியையும் எழுதிவிடுவேன். உள்ளே ஒன்றுமே இல்லாத அந்தக் கட்டு வண்ணார்பேட்டையில் ஓர் அச்சகத்துக்குப் போகும். அச்சக அண்ணாச்சி உள்ளே அச்சடித்து, மடித்து, ஒட்டி, அவரே தபால் பெட்டியில் போட்டுவிடுவார். பிழை திருத்தப் புரூப் பார்க்க மட்டும் நான் போவேன். முகவரியில் இருக்கும் என் கையெழுத்தை வைத்தே வாசகர்கள் இது இன்ன இதழ் என்று கண்டுகொண்டு பிரிப்பார்கள்.

அப்படிப் பிரிப்பவர்களில் ஒருவர் ராதாபுரம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட டீச்சர். ஊர்க்குளத்தைத் தூர்வாரிவிட்டதாகப் பலகை நட்டிருக்கிறார்கள், ஒரு கூடை மண்கூட எடுக்கவில்லை என்று அச்சக முகவரிக்கு அவர்தான் எனக்கு எழுதினார். நேரில் போய்ப் பார்த்தேன். குளத்துக்குள் உடை முள்மரம் ஆள் உயரத்துக்கு நின்றது. உங்கள் பெயர் எந்தக் காலத்திலும் வெளியே வராது, என்னை நம்புங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்து, காண்டிராக்டர் இன்னார் என்று அடையாளம் தெரியும்படியே எழுதினேன். அடுத்த மாதம் என் அலுவலகத்துக்கு, அந்த இதழை எழுதுவது நான்தான் என்று ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு அதைக் காட்டி, சிரித்துக்கொண்டே கிழித்துப் போட்டார். அந்தச் சிரிப்பே எனக்குப் போதும். இதழை நிறுத்தினேன்.

இரண்டு வருடம் கழித்து, உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பிய நேரத்தில் என் நண்பன் வந்தான். கல்லூரி ஆசிரியர். நாற்பது வயதுக்கு மேல் நாங்கள் ஒருவரையொருவர் வாரும், போம் என்றுதான் பேசிக்கொள்வோம். ஆனால் இதை எழுதும்போது அவன் என்றுதான் வருகிறது, வந்துவிட்டுப் போகட்டும். இதழ் என்னுடையது என்று தெரிந்த ஒரே நண்பன் அவன். குளத்துக்கதையை எனக்கு யார் சொன்னது என்பதையும் ஒரு நாள் பேச்சுவாக்கில் அவனிடம் சொல்லியிருந்தேன். திரும்ப ஆரம்பியும், இந்தத் தடவை தனியாக வேண்டாம், புது ஆட்களையும் எழுதவைப்போம் என்றான். சொன்னதோடு நிற்காமல் ஒரு வங்கி ஊழியரையும் சட்டம் படிக்கும் ஒரு பெண்ணையும் கூட்டிவந்தான். அவன் வீட்டு மாடியில் உட்கார்ந்து பேசினோம். அந்தப் பெண் பேருந்து நிலையத்தில் பெண்களுக்கு ஒதுங்க இடமில்லாததைப் பற்றி எழுதிக்கொண்டுவந்து வாசித்தாள். அசந்துபோனேன். என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள் என் இதழில் எழுதப் போகிறார்கள் என்று சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டேன்.

நான் இனி அச்சகத்துப் பக்கமே வரக் கூடாது என்று அவன் கண்டிப்பாகச் சொன்னான். ஏற்கெனவே ஒரு மொட்டைக் கடிதம் வந்த ஆள், எதற்கு வம்பு என்றான்.

“புரூப்ப நான் பாத்துக்கிடுதேன். நீரு எப்பவும்போல முகவரிய மட்டும் எழுதிக் குடும்வே.”

என்மேல் இவ்வளவு அக்கறையா என்று நினைத்துக்கொண்டு சரி என்றேன். நாலு நாள் சாயங்காலம் உட்கார்ந்து முந்நூறு முகவரியையும் எழுதினேன். வழக்கம்போல என் வீட்டு முகவரிக்கும் ஒன்று. தபால் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க அது ஒன்றுதான் வழி.

கட்டையும் என் கட்டுரையையும் அவனிடம் கொடுத்த பத்தாம் நாள் அது வந்தது. ஆசையாகப் பிரித்தேன். என் கட்டுரை இல்லை. அந்தப் பெண் எழுதியதும் இல்லை, வங்கி ஊழியர் எழுதியதும் இல்லை. மீண்டும் வருகிறோம் என்று ஒரு தலைப்பு, அதன்கீழ் ஒரு மன்னிப்பு. குளத்தைப் பற்றி முன்பு நாங்கள் எழுதியது தவறு. அந்த ஊரில் பாடம் நடத்துகிற ஓர் அம்மணி சொந்தப் பகையில் சொன்னதை நம்பி ஏமாந்துவிட்டோம். இப்போது மாவட்டப் பஞ்சாயத்துக்கு நிற்கும் அந்தக் காண்டிராக்டர் அப்பழுக்கு இல்லாத பெரியவர். இவ்வளவும் என் நடையில், நான் போடுகிற மாதிரியே சின்னச் சின்ன வாக்கியங்களில் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. படுபாவி, கழுத்தை அறுத்துவிட்டானே என்று வாய்விட்டே சொன்னேன். அடுப்படியிலிருந்து என் மனைவி யாரை என்று கேட்டாள்.

அன்றைக்கே அவன் வீட்டுக்குப் போனேன். சட்டை போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தான், நான் வருவேன் என்று தெரிந்தவன்போல. அவன் தங்கைக்கு முப்பது தாண்டிவிட்டது. காண்டிராக்டரின் தம்பிக்குப் பேசி முடித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் வேறு ஒன்றும் கேட்கவில்லையாம், இந்த மன்னிப்பு ஒன்றைத்தான் கேட்டார்களாம். இதையெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். தனியாக ஒரு நோட்டீஸ் அடித்து அவன் பெயரில் விட்டிருக்கலாமே, என் முகத்தில் ஏன் கரியைப் பூச வேண்டும் என்று கேட்டேன்.

“நான் எழுதுனா எவன் வே படிப்பான்? ஒம்ம கையெழுத்தப் பாத்தாத்தான பிரிக்கான்.”

பிறகு நிமிர்ந்து பார்த்தான். “இல்லைன்னு மறுக்கணும்னா மறுத்து எழுதும். ஆனா அடியில ஒம்ம பேரப் போட்டு எழுதும். பேரில்லாம வந்தா ரெண்டுல எது நெசம்னு எவனுக்குத் தெரியும்?”

என்னால் முடியாது என்று கணக்குப் போட்டுத்தான் இறங்கியிருக்கிறான். அவன் மனைவி கொண்டுவந்து வைத்த காப்பியைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, நாங்குநேரியில் மாறி, டீச்சர் ஊருக்குப் போனேன். அவர் வாசலிலேயே நின்று பேசினார். ஊரில் யார் யாரோ அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒங்க பேப்பர்காரனே நீங்க சொன்னது பொய்யின்னு எழுதிட்டானே என்று கேட்கிறார்களாம். பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார்களாம். நான் அதை எழுதவே இல்லை டீச்சர் என்றேன். அவர் உள்ளே போய்த் தனக்கு வந்த தாளை எடுத்துவந்தார். முகவரிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

“இது யாரு எழுதுனது சார்?”

“நான்தான்.”

“அப்ப உள்ள இருக்கது மட்டும் வேற ஆளாக்கும்?”

நடந்ததையெல்லாம் சொன்னேன், அவர் பெயரை நண்பனிடம் சொன்னது நான்தான் என்பது உட்பட. அவர் தாளைப் பழையபடி மடித்தார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பைய, பிள்ளைகளிடம் பேசுகிற மாதிரி சொன்னார்.

“இப்ப சொன்னீயல்லா, இத அப்படியே எழுதுங்க. அடியில ஒங்க பேரப் போட்டு அந்த முந்நூறு பேருக்கும் அனுப்புங்க. நான் இந்த ஊர்லதான சார் நடமாடணும்.”

அனுப்புகிறேன் என்றேன். நிஜமாகவே அனுப்பப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். மறுநாளே இன்லண்டு வாங்கி முகவரி எழுத ஆரம்பித்தேன். எழுதி முடித்து, மறுப்பையும் எழுதி முடித்து, அடியில் பெயர் போட வேண்டிய இடத்துக்கு வந்தேன். என் மகள் அந்த வருடம் பத்தாம் வகுப்பு. எனக்குப் பதவி உயர்வுப் பட்டியலில் மூன்றாவது இடம். நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று கட்டிவைத்தேன். தேர்தல் வந்தது, காண்டிராக்டர் ஜெயித்தார், கட்டு அப்படியே இருந்தது.

நண்பன் தங்கையின் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அவனோடு அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. துரோகி என்று அவனை நாலு பேர் காதுபடவே சொல்லியிருக்கிறேன், இன்றும் சொல்லுவேன். டீச்சர் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு அந்த ஊரைவிட்டே போய்விட்டார் என்று பஸ்ஸில் யாரோ சொன்னார்கள். எந்த ஊருக்குப் போனார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.