இரும்புக் கதவைத் திறந்தவர்

காலை ஆறரைக்கு ராயபுரத்திலிருந்து கிளம்பினோம், நானும் என் அக்கா ஸ்டெல்லாவும். எண்ணூர் முகத்துவாரத்துக்கு ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு நாற்பது ரூபாய். ஒரு வானதூதரைப் பார்க்கப் போகிறோம் என்றாள் அக்கா. சிரிக்காமல்தான் சொன்னாள். ஏறி உட்கார்ந்ததும் குரல் இறங்கியது.

"வெறும் மனுசனா இருந்துட்டா இன்னாடா பண்றது?"

சில வருடங்களுக்கு முன் அவள் எர்ணாவூரில் குடியிருந்தாள். ஒரு மழைக்காலப் பகலில் வெள்ளம் வீட்டுக்குள் மார்பளவு ஏறிவிட்டது. கைக்குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றாள். சேறு அடைத்த இரும்புக் கதவு அசையவில்லை. வெளியிலிருந்து யாரோ ஒருவர் தனியாளாக அதை இழுத்துத் திறந்து, இருவரையும் படகில் ஏற்றிக் கரைசேர்த்துவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். வந்தது வானதூதர்தான் என்று அக்கா நம்பிக்கொண்டிருந்தாள். போன வாரம்தான், முகத்துவாரத்திலிருந்து வந்து காசிமேட்டில் மீன் விற்கும் பெண் ஒருத்தி இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "அது எங்க பக்கத்து வூட்டு அண்ணன்" என்றாளாம்.

ஏழு மணி. வலப்பக்கம் கடல் கூடவே வந்தது. பனிமூட்டத்தில் கப்பல்கள் தண்ணீரில் நிற்கின்றனவா, வானத்திலா என்று தெரியவில்லை. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் மேகத்துக்குள் போய் மறைந்தன. அக்கா பைபிளில் வரும் வானதூதர்களின் செயல்களைத் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு வந்தாள்: சிறையில் தூதரோடு வந்த பேதுருவுக்குத் தானாகத் திறந்த இரும்புக் கதவு, தூதர் புரட்டிவிட்டு மேலே உட்கார்ந்துகொண்ட இயேசுவின் கல்லறைக் கல், ஒரே தூதர் வீழ்த்திய சேனை.

"வேலைக்காரனுக்கே இவ்ளோ பலம்னா, அனுப்புனவருக்கு எவ்ளோ இருக்கும்!"

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "யார்க்கா அது, அவ்ளோ பெரிய ஆளு?"

"ஆண்டவருப்பா."

அவர் தலையாட்டிவிட்டு, லாரிக்கு வழிவிட்டார்.

எட்டு மணிக்கு முகத்துவாரம். வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் திருநீறு. அக்கா அவரை அடையாளம் கண்டதும் மணலில் மண்டியிட்டுவிட்டாள். அவர் பதறி எழுந்தார்.

"அய்ய, இன்னாம்மா இது! எயுந்திரு மொதல்ல. என்னப் போயி கும்பிட்டுகினு. நானும் உன்ன மாரி ஆளுதாம்மா."

பைபிளின் கடைசி நூலான திருவெளிப்பாட்டில் யோவான் காலில் விழும்போது தூதரும் இப்படித்தான் தடுக்கிறார். தானும் ஒரு பணியாள்தான், கடவுளைத் தொழு என்கிறார்.

அக்கா அந்தக் கதவைப் பற்றிக் கேட்டாள். அவர் வலது தோளைத் தடவினார்.

"இந்தக் கை தலைக்கு மேல போவாதும்மா. படகுல அடிபட்டு பத்து வருசமாவுது. அன்னிக்கி இந்தக் கைய வெச்சிகினு எப்டி தொறந்தேன்னு எனக்கே தெர்ல. உள்ள கொயந்த அயுவுற சத்தம் கேட்டுச்சி. அவ்ளோதான் தெரியும்."

அக்கா வெகுநேரம் அந்தத் தோளையே பார்த்தாள். பிறகு, "ஜெபம் பண்ணட்டுமாண்ணா?" என்றாள்.

"பண்ணும்மா."

அவள் கைவைத்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். அலைச்சத்தத்தில் அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோ திருவொற்றியூரைத் தாண்டியது. "அந்தக் கைய வெச்சி தொறந்துருக்காருடா ஆண்டவரு" என்றாள் அக்கா. முகம் நனைந்திருந்தது.

நாளை சொந்த ஊரான திண்டுக்கல்லுக்குத் திரும்புகிறேன். அங்கே எங்கள் கோயில் பீடத்தில் வாளோடு ஒரு வானதூதர் சிலையாக நிற்கிறார். பாறை போன்ற தோள்கள். சின்ன வயதிலிருந்து கடவுளின் வல்லமையை அந்தத் தோள்களைப் பார்த்துத்தான் நினைத்துக்கொள்வேன். இனி பார்த்தால், அந்தத் தோளும் வலிக்குமோ என்றுதான் முதலில் தோன்றும்.