என் போனுக்குக் கிடைத்த விடுதலை

மகளின் பிரசவச் செய்திக்காகக் காத்திருந்த மனிதரின் சிம்மைக் கழற்றி என் போனில் போட்டவன் நான், அதுவும் என் நாற்பத்தெட்டு வயதில். என் போன் அன்று காலைதான் விடுதலை அடைந்திருந்தது.

நாமக்கல் பக்கத்து மலையில், குண்டூர் நாட்டில், ஒரு மிளகு விவசாயியின் வீட்டில் வாடகைக்கு இருக்கும் வாத்தியார் நான். வீட்டில் டவர் கிடைக்காது. பேச வேண்டுமானால் மேட்டுப் பாறைக்கு ஏற வேண்டும். ஊர் மொத்தமும் அங்கேதான் பேசும் என்பதால் யாருக்கும் ரகசியம் கிடையாது.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் மல்லுக்கட்டி, கம்பெனி போட்டுத் தந்த மென்பொருளைத் துடைத்துவிட்டு, யாரும் திறந்து திருத்தக்கூடிய ஒன்றை ஏற்றினேன். திரை ஒளிர்ந்ததும் நான் போட்ட கூச்சலில் வீட்டுக்காரர் தடியோடு ஓடி வந்தார்.

"பாம்புங்களா?"

"விடுதலைங்க! இனி இந்தப் போன் நான் சொன்னதைக் கேட்கும். சிக்னல் சக்தியைக் கூட்டிட்டா பாறைக்கே போக வேண்டாம். உங்க சிம்மைக் குடுங்க!"

நாமக்கல் ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி கூப்பிடுவார் என்று பாறைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தவர், வாத்தியார் சொன்னால் சரிதான் என்று கொடுத்துவிட்டார்.

கேமரா பணிந்தது. டார்ச் பணிந்தது. டவரோடு பேசும் சில்லு மட்டும் அசையவில்லை. அது போனுக்குள் இருக்கும் தனிக் கம்ப்யூட்டராம். பூட்டு, அதைச் செய்தவன் கையில். உடைத்தாலும், ஆளாளுக்குச் சிக்னல் சக்தியைக் கூட்டிக்கொள்ளச் சட்டம் விடாது. இறக்கி வைத்திருந்த கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அப்படித்தான் இருந்தது. பேளுக்குறிச்சி சந்தையில் ஆளுக்கொரு ஒலிபெருக்கி வைத்துக் கத்தினால் யார் காதில் எது விழும்? நியாயம்தான். கடைசிப் பக்கத்தை முதலில் படித்திருக்கலாம்.

"ஏனுங்க, ஆச்சுங்களா?"

"சட்டம் இடிக்குதுங்க."

"சட்டம் கெடக்குதுங்க, சிம்மைக் குடுங்க மொதல்ல!"

இருவரும் பாறைக்கு ஓடினோம். சிம்மை அவருடைய பட்டன் போனில் போட்டதுதான் தாமதம், மணி அடித்தது.

"அரை மணி நேரமாக் கூப்படறேன், போனை எங்க வெச்சீங்க?" மனைவியின் குரல் எனக்கே கேட்டது.

"வாத்தியாரு விடுதலை குடுத்துட்டிருந்தாரு."

பேத்தி. தாயும் பிள்ளையும் சுகம். அவர் கத்தினார், நான் அவரைவிட உரக்கக் கத்தினேன். அரை மணி நேரக் குற்றவுணர்வுக்கும் சேர்த்து.

மூன்றாம் நாள் பஸ்ஸில் வந்து இறங்கிய வீட்டுக்கார அம்மாள், லட்டு டப்பாவை என்னிடம் நீட்டினார்.

"ரெண்டா எடுத்துக்குங்க சார். எங்க பேத்தி பொறந்துட்டா. பாவம், உங்க போனு இன்னும் பொறக்கலையாமா?"