மாமாவிடம் மிஞ்சிய சொல்

அக்காவின் காரில் முன் சீட்டில் உட்காருகிறவர்கள் காலைக் கொஞ்சம் மடக்கித்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே காலடியில் இன்னொரு பிரேக் இருக்கிறது. டிரைவிங் ஸ்கூல் கார்களில் கற்றுக்கொடுப்பவருக்கென்று தனியாக வைப்பார்களே, அது. அதன் ரப்பர் ஓரமெல்லாம் தேய்ந்து, நடுவில் வழவழப்பாகிவிட்டது. அவ்வளவும் மாமாவின் வலது கால் தேய்த்தது.

மாமா என்று நான் சொல்வது அக்காவின் கணவரை. ஸ்ரீரங்கத்தில் தெற்கு வாசல் பக்கம் டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். பெயர்தான் ஸ்கூல், இருந்தது ஒரு மாருதியும் அவரும் மட்டும். கற்றுக்கொள்ள வந்தவர்களில் பாதிப் பேர் பெண்கள். டீச்சர்கள், ஆபீஸ் போகிறவர்கள், கைலாசபுரம் குவார்ட்டர்ஸிலிருந்து பாக்டரி ஊழியர்களின் மனைவிகள். எனக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். முதல் வாரமே காவிரிப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டேன். பின்னால் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ்கள் ஹார்ன் அடித்து மானத்தை வாங்கின. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா ஆற்றைப் பார்த்தபடியே, "ஸ்டார்ட்" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. காலையில் முதல் தடவை சாவியைத் திருப்பும்போது எந்தக் குரலில் சொன்னாரோ அதே குரல். இங்கிலீஷில் அது தொடங்குவதற்கான சொல். அவரிடம் அது நின்றுபோனதற்கும் சேர்த்துத்தான்.

ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவர் அக்காவுக்கு மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. "உனக்குன்னா சத்தம் போட்டுடுவேன், வேணாம்" என்று சிரித்துக்கொண்டே தள்ளிப்போட்டார். அக்காவுக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. வெளியே காட்டிக்கொள்ளமாட்டாள், காரில் ஏறும்போது கதவை மட்டும் கொஞ்சம் ஓங்கிச் சாத்துவாள்.

ஒரு நாள் காலையில் வாஷ்பேசின் முன்னால் நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு ஒரு மத்தியானம், தண்ணீர் டம்ளரைப் பார்த்து "ஸ்டார்ட்" என்றார். அக்கா ஓடிப்போய் அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொன்னாள். இனி ஒவ்வொன்றாக வந்துவிடும் என்று நினைத்தோம். வரவே இல்லை. தண்ணீருக்கும் அதுதான், சாப்பாட்டுக்கும் அதுதான். பார்க்க வந்தவர்கள் கிளம்பும்போது அதையே நீட்டிச் சொன்னால் போயிட்டு வாங்க என்று அர்த்தம். கோபத்தில் சொல்வது தனியாகத் தெரியும். எங்களுக்குப் புரியாததை அக்கா புரிந்துகொள்வாள். இவர் ஃபேனைக் குறைக்கச் சொல்றார் என்பாள், அது சரியாகத்தான் இருக்கும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் நல்ல பெண்தான். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த ஒரு சொல்லையே பிடித்துக்கொண்டு இருந்தால் வேறு சொல் வராது, சார் அதைச் சொன்னால் புரியாத மாதிரி இருங்கள் என்று அக்காவிடம் சொன்னாள். மாமா ஒரு தடவையாவது தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாரா என்று அக்காவுக்கு ஏக்கம். அதனால் ஒத்துக்கொண்டாள். அவர் தண்ணீரைக் காட்டி "ஸ்டார்ட்" என்பார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா புரியாத மாதிரி விழிப்பாள். அப்போது மாமாவின் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது, சமையலறைக்குள் போய்விடுவேன். கொஞ்ச நாளில் அவர் வாயே திறக்கவில்லை. வேறு சொல்லும் வரவில்லை, இருந்ததும் போய்விட்டது. தாகமெடுத்தால்கூடக் கேட்பதில்லை, கண்ணை மூடிக்கொள்வார்.

அக்கா தன்னையே நொந்துகொண்டாள். "இருந்த ஒண்ணையும் நானே பிடுங்கிட்டேன்டி" என்று என்னிடம் அழுதாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டாள். இருவருமாக மாமாவைத் தாங்கிக்கொண்டுபோய் வாசலில் நின்ற காரில், அவருடைய பழைய சீட்டில் உட்காரவைத்தோம். அசையாத காலைத் தூக்கி அந்தப் பிரேக்கின் மேல் வைத்தது அக்காதான். பிறகு சுற்றிவந்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சாவியைப் போட்டாள். அவளுக்குக் கியர் எது என்றுகூடத் தெரியாது. சாவியைத் திருப்பவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பால்காரர் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். மாமா வெகுநேரம் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையால் டேஷ்போர்டை ஒரு தட்டுத் தட்டி, "ஸ்டார்ட்" என்றார். அக்கா அழுதுகொண்டே சாவியைத் திருப்பினாள். வண்டி எங்கேயும் போகவில்லை, இன்ஜின் மட்டும் ஓடியது.

அதற்குப் பிறகு அந்தச் சொல்லை யாரும் அவரிடமிருந்து பிடுங்கவில்லை. அக்கா திருவானைக்காவலில் வேறொரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். போட்டிக் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள் என்று நான் போட்டுக்கொடுத்தபோது மாமா என்னைப் பார்த்துச் சொன்ன "ஸ்டார்ட்" நிச்சயம் ஒரு வசவுதான். லைசென்ஸ் வந்ததும் அவரைப் பிசியோதெரபிக்குப் பாலத்தைத் தாண்டி அவளே கூட்டிப்போனாள். ஒவ்வொரு தடவையும் அவர் சொன்ன பிறகுதான் சாவி திரும்பும். இரண்டாவது தடவை அடைப்பு வந்தபோது, ஆஸ்பத்திரியிலேயே அந்தச் சொல்லும் இல்லாமல் போய்ச் சேர்ந்தார். அக்காவின் பெயரைக் கடைசிவரை அவர் சொல்லவே இல்லை.

அந்தப் பிரேக்கை எடுத்துவிடலாம் என்று மெக்கானிக் சொல்லிப் பார்த்துவிட்டார். அக்கா கேட்கவில்லை. போன மாதம் காந்தி மார்க்கெட்டுக்குப் போக என்னைக் கூப்பிட்டாள். ஏறி உட்கார்ந்தேன். அவள் சாவியைப் போட்டுவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். பையை மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. என் வாய் சும்மா இருக்காதே, அவளுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று "ஸ்டார்ட்" என்றேன்.

"நீ சொல்லாதடி" என்றாள். கோபம் இல்லை.

இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுச் சாவியைத் திருப்பினாள். அந்தப் பிரேக்கின் மேல் படாமல் காலை மடக்கி வைத்துக்கொண்டேன்.