காலுக்குப் பூக்கட்டிப் பார்த்தது

எனக்குப் பத்து வயதில் இடது முழங்காலுக்கு மேலே எலும்பில் புற்றுநோய் வந்தது. அந்தக் காலை என்ன செய்வது என்று எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்தது. மார்க்கையன்கோட்டையில் எங்கள் தெருவில் கருத்துச் சொல்லாத ஆள் கிடையாது. கால் என்னுடையது என்பதாலோ என்னவோ, என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்ட ஒரே ஆள் மதுரை ஆஸ்பத்திரி டாக்டரம்மா. "உனக்கு என்னம்மா வேணும்?" என்றார். சாப்பாட்டைத்தான் கேட்கிறார் என்று நினைத்துப் புரோட்டா என்றேன்.

அங்கே சில மாதங்களாக எனக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தலை, குடுமி பிய்த்த தேங்காய் மாதிரி ஆகியிருந்தது. இனி ஆபரேஷன் என்ற கட்டத்தில் டாக்டரம்மா அப்பாவையும் அம்மாவையும் உட்காரவைத்து இரண்டு வழி சொன்னார். கட்டி இருக்கும் எலும்பை மட்டும் எடுத்துவிட்டு உள்ளே கம்பி வைத்துக் காலைக் காப்பாற்றலாம். ஆனால் கட்டி ரத்தக்குழாயை ஒட்டி இருக்கிறது, கொஞ்சம் மிச்சம் தங்கிவிடலாம், திரும்ப வந்தால் உயிருக்கே ஆபத்து. இல்லையென்றால் காலைத் தொடையிலேயே எடுத்துவிடலாம். அதில் பயம் குறைவு. பெற்றவர்கள் யோசித்து முடிவு சொல்லுங்கள் என்று ஒரு வாரம் தவணை கொடுத்தார்.

அப்பா இதை எதிர்பார்க்கவில்லை. படித்தவர்கள் முடிவு சொல்வார்கள், நாம் தலையாட்டினால் போதும் என்றிருந்தார். வாழைக்கு என்ன உரம் வைப்பது என்பதையே உரக்கடைக்காரரைக் கேட்டுச் செய்கிற மனுஷர். ஊருக்கு வந்து பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டார். குமுளிக்கு அந்தப் பக்கம் ஒரு வைத்தியர் எண்ணெய் கொடுத்தே கட்டியைக் கரைக்கிறார் என்று ஒருத்தர் சொன்னார். கரைந்த ஆளைப் பார்த்தவர் யாரும் இல்லை.

அப்பாவின் அக்காவான என் அத்தை, காலை எடுக்கவே கூடாது என்ற கட்சி. "பொட்டப்பிள்ளைக்குக் கால் போச்சுன்னா நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?" என்று வாசலில் நின்று கேட்டாள். அத்தைக்கு என்னைவிட மூன்று வயது மூத்த மகன் ஒருவன் இருந்தான். நான் தொட்டிலில் கிடந்தபோதே அவனுக்கு என்று பேசிவைத்திருந்தார்கள். அதையும் சேர்த்துப் பார்த்தால் அத்தையின் கவலை நன்றாக விளங்கும்.

அம்மா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. எனக்குக் கஞ்சி காய்ச்சுவாள், வாந்தியை அள்ளுவாள், மறுபடி கஞ்சி காய்ச்சுவாள்.

கடைசியில் அம்மனிடம் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்று அத்தையே வழி சொன்னாள். எங்கள் பக்கம் பெண் எடுப்பது, கிணறு வெட்டுவது எல்லாம் அப்படித்தான். சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை அரளி ஒன்று. ஒரே மாதிரி வாழையிலைத் துண்டில் மடித்து, நூல் சுற்றி, அம்மன் காலடியில் போடுவார்கள். எந்தப் பூவுக்கு எந்தக் காரியம் என்று முதலிலேயே சொல்லி வேண்டிக்கொள்வார்கள். சின்னப் பிள்ளை ஒன்று ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொடுக்கும். வருகிற பூதான் அம்மன் வாக்கு, அதற்கு மேல் அப்பீல் கிடையாது. எனக்குச் சிவப்பு வந்தால் கால் இருக்கும், வெள்ளை வந்தால் எடுத்துவிடுவது என்று முடிவானது. அப்பாவுக்கு உயிர் வந்தது. அம்மாவும் மறுப்புச் சொல்லவில்லை. அவள் வருஷா வருஷம் அக்கினிச்சட்டி எடுக்கிறவள்.

வெள்ளிக்கிழமை அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனார். பூ எடுக்கக் கூட்டிவந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை பூசாரியின் மீசையைப் பார்த்து வீறிட்டு அழுததால், பூசாரி என்னையே எடுக்கச் சொன்னார். கைக்கு எட்டியதை எடுத்துக்கொடுத்தேன். பிரித்தார். சிவப்பு. அத்தை குலவை போட்டாள். அப்பா தேம்பித் தேம்பி அழுதார். என் காலை நானே காப்பாற்றிவிட்டதாக எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா மட்டும் அம்மனையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கும்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் மதுரையில் என் கட்டிலருகே நின்று அப்பா தெம்பாகவே பேசினார். காலை எடுக்க வேண்டாம், கம்பியே வைத்துவிடுங்கள் என்றார். டாக்டரம்மா அம்மாவைப் பார்த்து, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றார். அதுவரை டாக்டர்கள் முன்னால் வாயே திறக்காத அம்மா கேட்டாள்.

"கால வச்சா அது திரும்பி வருமா?"

வரலாம் என்றார் டாக்டரம்மா. எடுத்தாலும் வராது என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் பயம் குறைவு என்று முன்பு சொன்னதையே பொறுமையாகத் திரும்பச் சொன்னார்.

"அப்ப எடுத்துருங்க."

"ஆத்தா வாக்குக் குடுத்துருக்காடி," என்றார் அப்பா.

"குடுத்துருக்கா. நான் இல்லைங்கல. நாளைக்கு இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்த வாக்க வச்சு நான் என்ன செய்ய? பழி என் மேல இருக்கட்டும். நான் கையெழுத்துப் போடுறேன்."

போட்டாள். அப்பா அவளிடமிருந்து பேனாவை வாங்கி, அவள் கையெழுத்துக்குக் கீழே தானும் போட்டார். நான் கட்டிலில் கிடந்து அம்மாவை ஓங்கி ஓங்கி அடித்தேன். அம்மனே விட்டுவைத்த காலை இவள் யார் எடுக்கச் சொல்வதற்கு என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கால் போனது. பிறகு நோயும் போனது. நோய் போனது அம்மன் புண்ணியம், கால் போனது அம்மா செய்த பாவம் என்று ஊர் அழகாகப் பங்கு பிரித்துக்கொடுத்தது. வருஷங்கள் கழித்து அத்தை தன் மகனுக்குப் போடியில் பெண் எடுத்தாள். அதற்கும் அம்மாதான் காரணம் என்றார்கள்.

நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். செயற்கைக்கால் உரசிப் புண்ணான நாளிலும், பள்ளிக்கூட ஆண்டுவிழா ஆட்டத்தில் என்னைச் சேர்க்காத நாளிலும் வீட்டுக்கு வந்து அம்மாவைத்தான் திட்டினேன். உன்னால்தான், உன்னால்தான் என்று கத்துவேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஆமா ஆத்தா, நாந்தான்" என்பாள். தப்பை ஒத்துக்கொள்கிறாள் என்றே நினைத்தேன். திட்டுவதற்கு மகள் ஒருத்தி எதிரே உட்கார்ந்திருக்கிறாள் என்ற சந்தோஷத்தில் அவள் அப்படிச் சொன்னாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.